மண்ணெண்ணெய் புக்காரி வாங்கலாமா? நாலு குளிர்காலம் அதன் பக்கத்தில் படுத்தவன் சொல்வது

குன்னூர்ப் பக்கம் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் என் மச்சான் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கறுப்புத் தகரத்தில் உருளையாக ஒரு அடுப்பு, தலையில் நீளமாகப் புகைக்குழாய், பக்கத்தில் சின்ன டேங்க். "மாமா, மிலிட்டரி மாடல் புக்காரியாம். டிசம்பர் சீசனுக்கு ரெண்டு வாங்கிப் போடலாம்னு பாக்குறேன். நீங்க யூஸ் பண்ணியிருக்கீங்கல்ல, எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தான். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். ஏன் என்றான். அதற்குப் பதில் தட்ட ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போகிறது, அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேறு யாராவது இதே யோசனையில் இருக்கலாம்.

நான் 1993இல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 2017இல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தவன். ஊர் வேலூர் மாவட்டம். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு ஒரு ஆளாவது பட்டாளத்தில் இருப்பான், ஆகவே இதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 24 வருஷத்தில் நாலு குளிர்காலத்தை லடாக்கில் கழித்தேன், நாலிலும் புக்காரிக்குக் கையெட்டும் தூரத்தில்தான் படுக்கை. கடைசிக் குளிர்காலம் 2015-16. இன்னும் 2 வருஷம் இருக்கிறேனா, கிளம்புகிறேனா என்று பட்டாளம் என்னைக் கேட்டது அப்போதுதான், நான் பதில் எழுதியதும் இந்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்துதான். அதனால் இது கொஞ்சம் சொந்தக் கதையும் கலந்த ரிவ்யூ. அடுப்பு மட்டும் போதும் என்பவர்கள் நடுவில் தாண்டிக்கொண்டு கடைசிக்குப் போய்விடலாம்.

காஷ்மீர், லடாக் வீடுகளில் விறகு போடும் புக்காரிதான் அதிகம். பட்டாளத்தில் நான் பார்த்ததெல்லாம் மண்ணெண்ணெய். அங்கே மண்ணெண்ணெய் என்று யாரும் சொல்வதில்லை, கே-ஆயில். எங்கள் போஸ்ட், அதாவது காவல் முகாம், இருந்த 15,000 அடியில் மரமும் இல்லை, புதரும் இல்லை, விறகுக்கு எங்கே போவது. ஜோஜிலா கணவாய் திறந்திருக்கும் மாதங்களிலேயே குளிர்காலத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, கே-ஆயில் எல்லாவற்றையும் லாரி லாரியாக ஏற்றிச் சேர்த்துவிடுவார்கள், லாரி போகாத இடத்துக்குக் கோவேறு கழுதையும் போர்ட்டர்களும், கடைசி ஏற்றத்துக்கு நம்ம முதுகு. 20 லிட்டர் ஜெரிக்கேனைக் கட்டிக்கொண்டு பத்தடி நடந்து இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கி, மறுபடி பத்தடி என்று ஏறியவன் ஒரு சொட்டு எண்ணெயைக் கீழே சிந்த மாட்டான்.

வேலை செய்யும் விதம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். டேங்க் உயரத்தில் இருக்கும், அதிலிருந்து மெல்லிய குழாய், நடுவில் ஒரு திருகு. திருகைத் திறந்தால் அடுப்பின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும். எண்ணெயில் நனைத்த துணித்துண்டைக் கொளுத்தி உள்ளே போட்டால் கிண்ணம் சூடேறி, அப்புறம் விழுகிற எண்ணெய் ஆவியாகி எரிய ஆரம்பிக்கும். அரை மணியில் தகரம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். கரண்ட் வேண்டாம், மோட்டார் இல்லை. கெட்டுப்போனால் ஒரு சுத்தியலும் கொஞ்சம் கம்பியும் போதும், கம்பெனி ஆளுக்கு ஃபோன் போட்டு மூன்று நாள் காத்திருக்கும் வேலை கிடையாது.

சூடு என்றால் சூடு. வெளியே மைனஸ் 25, சில ராத்திரி மைனஸ் 30 போகும். உள்ளே தலைக்குச் சித்திரை, காலுக்கு மார்கழி. மேல்தட்டில் படுத்தவன் பனியனோடு வியர்ப்பான், கீழே படுத்தவன் கோட் பார்கா என்கிற கனமான குளிர்க் கோட்டைக் கழற்றாமல் ஸ்லீப்பிங் பேக்குக்குள் சுருண்டிருப்பான். அடுப்பைப் பார்த்த கன்னம் வேகும், மறு கன்னம் விறைக்கும், தோசையைத் திருப்பிப் போடுகிற மாதிரி நம்மை நாமே திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சூடு மட்டுமா. குடிக்கிற தண்ணீரே அதன் தலையில்தான் பிறக்கும். டின் நிறையப் பனியை அள்ளி வைத்தால் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் நிற்கும், மறுபடி அள்ளி, மறுபடி வைத்து, ஒரு டீக்கு முக்கால் மணி. அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் டீ கொதிக்கக் கொதிக்கத் தெரியும், வாயில் வைத்தால் வெதுவெதுப்புதான். ஈரக் காலுறை, கையுறை எல்லாம் குழாயைச் சுற்றிக் கட்டிய கம்பியில் தொங்கும். கொஞ்சம் கண் அசந்தால் கருகும், கருகல் நாற்றத்தோடு அதையே மாட்டிக்கொண்டு சென்ட்ரிக்குப் போக வேண்டும்.

அந்த வருஷப் பொங்கலுக்கு எங்கள் லங்கர் சமையல்காரர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், இட்லி போட்டே தீருவேன் என்று நின்றார். மாவு அங்கே புளிக்குமா? பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிப் புக்காரிக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, ஒரே பக்கம் வெந்துவிடாமல் மணிக்கு ஒருதரம் திருப்பி வைப்பதற்கு இரண்டு ராத்திரி டியூட்டி போட்டோம், எதிரியைப் பார்க்கிற சென்ட்ரி ஒருவன், மாவைப் பார்க்கிற சென்ட்ரி ஒருவன். மூன்றாம் நாள் காலை மாவு லேசாகப் பொங்கியிருந்தது. இட்லி வந்தது, மெதுவாகவும் இருந்தது, ஆனால் கடைசியில் நாக்கில் மண்ணெண்ணெய் வாசம். ஒருத்தரும் சொல்லவில்லை. பொங்கலைத் திறந்த பானையில் வைத்தால் அரிசி வேகாது என்பதால் குக்கரில்தான், பொங்குவதைப் பார்க்க வழியில்லை, முதல் விசிலுக்குப் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். மலையாளத்து ஆட்களும் தெலுங்கு ஆட்களும் சேர்ந்து கத்தினார்கள்.

சரி, கெட்டதுக்கு வருவோம்.

கரி. காற்றில் பிராணவாயு குறைவு, கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான், அதனால் எண்ணெய் முழுதாக எரியாது. கரியாகப் பறக்கும். கூரை, தலையணை, சாப்பாட்டுத் தட்டு, மூக்கு எல்லாம் கறுப்பு. காறித் துப்பினால் மை. லீவில் வீட்டுக்கு வந்து வெள்ளைத் துண்டில் முகம் துடைத்தால் நாலைந்து நாளைக்கு அந்தத் துண்டை என் மனைவி தனியாகத்தான் துவைப்பாள்.

குழாய் அடைப்பு. எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்திருந்தால்கூட அது குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பு அணையும். எழுந்து, குழாயை உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டு, வாயால் ஊதி, அது இளகுகிறவரை காத்திருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ஆபத்து. கிண்ணம் இன்னும் சூடாக இருக்கும், அடைப்பு விலகி எண்ணெய் மளமளவென்று விழுந்தால் ஆவி உள்ளே நிரம்பிவிடும், அது தெரியாமல் தீக்குச்சியைப் போட்டால் டப் என்று மூஞ்சியில் அடிக்கும். எங்களில் ஒரு பையனுக்கு ஒரு புருவமும் பாதி மீசையும் போயிற்று. நல்லவேளை கண் தப்பியது. மீதி மீசையையும் எடுத்துவிடு என்றால் கேட்கவில்லை, வளரும் வளரும் என்று ஒரு மாதம் பாதி மீசையோடு சுற்றினான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அது மூச்சில் போனால் ரத்தம் பிராணவாயுவை விட்டுவிட்டு இதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், 200 மடங்குக்கும் மேல் கெட்டியாக. புகைக்குழாய் சரியாக இழுக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை, குழாயில் கரி அடைத்தாலோ வாயைப் பனி மூடினாலோ எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். தலைவலி வரும், குமட்டும், தூக்கம் தூக்கமாக வரும். இதில் கொடுமை என்ன தெரியுமா, 15,000 அடியில் தலைவலியும் குமட்டலும் இல்லாத ஆள் யார்? லே போய் இறங்கியதும் 6 நாள், அதற்கு மேல் 4 நாள், இன்னும் மேலே 4 நாள் என்று படிப்படியாக உடம்பைப் பழக்கித்தான் அனுப்புகிறார்கள், அப்படியும் தலை கனத்துக்கொண்டேதான் இருக்கும். விஷம் வேலை செய்வதும் மலை வேலை செய்வதும் ஒரே மாதிரி தெரியும். மலைதான் என்று நினைத்துக் கண்ணை மூடுகிறவன் காலையில் எழுந்திருக்க மாட்டான்.

ஆகவே போஸ்டில் சட்டம் ஒன்றுதான். ராத்திரி 10 மணிக்குத் திருகை மூடு. எரிய விட்டால் ஒரு ஆள் விழித்திரு. காற்றுத் துவாரத்தில் கந்தலைச் சொருகாதே. ஜுவாலை நீலம் மாறி மஞ்சளாகத் துடித்தால் குழாயைப் போய்ப் பார். வருகிற ஒவ்வொரு புதுப் பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. இருபது தடவையாவது சொல்லியிருப்பேன்.

இப்போது பேப்பர் விஷயம். ஹவில்தாருக்கு 24 வருஷ சர்வீஸ், விருப்பம் இருந்து மெடிக்கல் சரியாக இருந்து போர்டும் ஒப்புக்கொண்டால் மேலே 2 வருஷம் எக்ஸ்டென்ஷன். முடியும் நாளுக்கு ரொம்ப முன்னாடியே கேட்டுவிடுவார்கள், வில்லிங்கா அன்வில்லிங்கா என்று. எனக்கு அது ஜனவரி முதல் வாரம் ஹெலிகாப்டரில் தபாலோடு வந்தது. ஒரு தாள், அவ்வளவுதான்.

பொங்கல் வரைக்கும் நான் வில்லிங் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். அந்த வருஷம் எல்லோர் வாயிலும் கணக்கு. 7வது சம்பளக் கமிஷன் அறிக்கை முந்தைய நவம்பரில்தான் வந்திருந்தது, மிலிட்டரி சர்வீஸ் பே 2,000லிருந்து 5,200 ஆகப் போகிறது, புதுச் சம்பளத்தில் 2 வருஷம் இருந்துவிட்டுப் போனால் என்ன. கடைசிச் சம்பளத்தில் பாதிதான் பென்ஷன் என்பதால் கடைசிச் சம்பளம் ஏறினால் சாகிறவரை லாபம். ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ் என்றால் எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பென்ஷன் என்கிற ஒரு ரேங்க் ஒரு பென்ஷன் ஆர்டரும் அதே நவம்பரில்தான் வந்திருந்தது, அதைக் காட்டி "இனி எப்ப போனா என்ன, சமம்தானே" என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். சிகரெட் அட்டையைக் கிழித்துப் பின்பக்கம் கூட்டிக் கழித்துப் புக்காரிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவோம். பெரியவள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். வெளியே போனால் என்ன வேலை, ஏடிஎம் வாசலில் நாற்காலி, இல்லை அபார்ட்மென்ட் கேட்டில் ரிஜிஸ்டர். சாட்டிலைட் ஃபோனில் என் முறை வந்தபோது மனைவியிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமானவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

மறுபக்கம் ஒன்றே ஒன்றுதான், களைப்பு. அதைச் சொல்லவும் கூச்சம். முட்டி வலி என்றால் மெடிக்கலில் காட்டலாம், இது எதில் காட்டுவது. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தால் அப்படியே இருந்துவிடலாம் போல ஒரு எண்ணம். யாராவது கூப்பிட்டால் காதில் விழும், விழுந்ததற்கும் நான் திரும்புவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி. அதை யாரும் கவனிக்கவில்லை, எனக்குத் தெரிந்தது.

பொங்கல் முடிந்து நாலைந்து நாளில் பனிப்புயல், மூன்று நாள் விடாமல். பகல் முழுக்கப் பாதையைத் தோண்டினோம், தோண்டத் தோண்ட மூடியது. மூன்றாம் ராத்திரி எங்கள் குடிலுக்குள் ஆறு பேர், இன்னொருவன் வெளியே சென்ட்ரியில். 10 மணி ஆயிற்று. ஒரு பையனுக்குக் குளிர் விட்டுப்போகாமல் பல் அடித்துக்கொண்டிருந்தது, "இன்னும் அரை மணி எரியட்டும், நான் முழிச்சிருக்கேன், நான் மூடுறேன்" என்றேன். சொன்னது நான்தான். சாயங்காலத்திலிருந்தே தலை வலித்தது, மலைதான் என்று விட்டுவிட்டேன். சுவரில் சாய்ந்து ஜுவாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது, அது மஞ்சளாக இருந்ததும்கூட நினைவிருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்குமேல் இல்லை.

சென்ட்ரி மாற வேண்டியவன் ஒரு மணிக்கு வெளியே வரவில்லை. அங்கே நின்றுகொண்டிருந்த தம்பிக்கு 21 வயசு, சர்வீஸ் 2 வருஷம்கூட ஆகவில்லை. கதவைத் தட்டியிருக்கிறான், பதில் இல்லை. பனி முட்டுக்கொடுத்திருந்த கதவை எட்டி உதைத்துத் திறந்து, முதலில் திருகை மூடிவிட்டு, ஒவ்வொருவராக ஸ்லீப்பிங் பேக்கோடு வெளியே இழுத்துப் போட்டிருக்கிறான். எனக்கு விழிப்பு வந்தபோது பனியில் முகம் புதைந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மண்டைக்குள் சம்மட்டி. ஆறு பேரும் பிழைத்தோம், ஒருவனுக்கு மட்டும் விடிகிறவரை ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். காலையில் குழாயைப் போய்ப் பார்த்தால் மேலே தொப்பி போட்ட மாதிரி பனி இறுகியிருந்தது, உள்ளே இரண்டு விரல் கனத்துக்குக் கரி.

"அண்ணே, அடுப்பு மஞ்சளா எரிஞ்சிட்டிருந்துச்சு. நீங்க சொல்லிக் கொடுத்தீங்கல்ல" என்றான் அந்தத் தம்பி. குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே நல்ல பிள்ளை, பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். போஸ்ட் கேப்டன் சாப் என்னைவிட 15 வயசு சின்னவர், நடந்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரக் கடைசியில் பேப்பரை எடுத்தேன். பேனா எழுதவில்லை. அந்தக் குளிரில் ரீஃபில் மை கட்டிக்கொள்ளும், கக்கத்தில் வைத்துச் சூடேற்றித்தான் எழுதுவோம். நான் அவசரப்பட்டுப் புக்காரித் தகரத்துக்குப் பக்கத்தில் காட்டினேன், கொஞ்சம் கூடிப்போய் மை முனையில் பொங்கி, அன்வில்லிங் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இடத்தில் ஒரு பெரிய நீலப் பொட்டு. சிகரெட் அட்டைக் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது, இன்னும் சொல்லப்போனால் 2 வருஷச் சம்பளத்தில் பெரியவள் படிப்பு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் அந்த ஐந்து பையன்களும் இல்லை. மஞ்சள் ஜுவாலையைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று நினைத்தவன் இன்னொரு குளிர்காலம் அதே வேலையில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

வானிலை சரியில்லை, ஹெலிகாப்டர் வரவில்லை, பேப்பர் என் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், 19,600 அடியில் சோனம் போஸ்டில், பனிச்சரிவு. 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் போஸ்ட். 10 பேர் உள்ளே, அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். எங்கள் பட்டாலியன் வேறு, இடம் வேறு, ஆனால் ரெஜிமென்ட் ஒன்று, ரெஜிமென்ட் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டனில் ஒரே மைதானத்தில் வியர்த்தவர்கள். ஆறு நாள் கழித்து, புதைந்த அந்தப் பத்துப் பேரில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு இருக்கிறார் என்று செய்தி வந்தபோது எங்கள் போஸ்டில் பெரிய ஆம்பிளைகள் அழுதார்கள். 11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அன்று ராத்திரி அடுப்பு எரிந்தது, யாரும் பேசவில்லை, சமையல்காரர் வந்து எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் ஹெலிகாப்டர் வந்து என் பேப்பர் கீழே போயிற்று. தேதி ஜனவரி என்று போட்டிருந்தாலும் போய்ச் சேர்ந்தது பிப்ரவரி நடுவில். பார்ப்பவன் என்ன நினைப்பான்? பனிச்சரிவைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்றுதானே. சுபேதார் சாப் டெலிஃபோனில் கூப்பிட்டு, "இது இப்ப போனா நல்லா இருக்காதுப்பா, கிழிச்சிடவா? வேற எழுதி அனுப்பு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு நிமிஷம் எனக்கும் வாயில் சரி என்று வந்தது. அப்புறம், வேண்டாம் சாப், இருக்கட்டும் என்றேன். இன்றைக்கும் ஊர்க் கல்யாணங்களில் மூன்றாவது ரவுண்டுக்கு மேல் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். விளக்கம் சொல்லப் போனால் புக்காரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், யாருக்கு அவ்வளவு பொறுமை. அந்தத் தம்பி இப்போது நாயக். பொங்கலுக்குப் பொங்கல் ஃபோன் செய்வான்.

சரி, மச்சானுக்கு வருகிறேன்.

படத்தில் இருக்கிற சாமான் பழைய டிசைன். அது மோசமான பொருள் என்று நான் சொல்ல மாட்டேன், சூட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, முரட்டு உழைப்புக்கு ஐந்துக்கு ஐந்து, நாலு குளிர்காலம் என்னை உயிரோடு வைத்திருந்ததே அதுதான். ஆனால் விருந்தாளி தூங்குகிற அறைக்குப் பூஜ்யம். 2021இல் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் டிபாஸ் லேப் ஹிம் தாபக் என்று புதுப் புக்காரி செய்து, ராணுவம் 420 கோடி ரூபாய்க்கு ஆர்டர் போட்ட செய்தியைப் படித்திருப்பாய். எதற்கு? எண்ணெய் திரும்பி வெடிப்பதிலும் கார்பன் மோனாக்சைடிலும் ஜவான்கள் சாகக் கூடாது என்றுதான். பட்டாளமே மாற்ற நினைக்கிற சாமானை மிலிட்டரி மாடல் என்று பேர் போட்டு உனக்கு விற்கிறான்.

குன்னூரில் டிசம்பரில் எவ்வளவு குளிர்ந்துவிடும்? ஊட்டிப் பள்ளத்தில் உறைபனி விழுகிற அன்றைக்கே பூஜ்யத்தை ஒட்டித்தான். அதற்கு இது கொசுவுக்குப் பீரங்கி. எண்ணெய்க்கு என்ன செய்வாய், ரேஷன் மண்ணெண்ணெய் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதைவிட முக்கியம், உன் விருந்தாளி பெங்களூரிலிருந்து வந்து, குளிருகிறது என்று ஜன்னல் இடுக்கில் துண்டைச் சொருகிவிட்டு, இரண்டு பெக் போட்டுவிட்டுத் தூங்குவான். ராத்திரி விழித்திருந்து அவன் கதவை உதைக்க யாரை வைத்திருக்கிறாய்? அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிச் செத்தவர்கள் செய்தி கொடைக்கானல் பக்கத்திலிருந்தே பேப்பரில் வந்ததுதான்.

கட்டாயம் நெருப்பு பார்க்க வேண்டும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றால், ஹாலில் மட்டும் ஒரு விறகு புக்காரி போடு. குழாய் கூரைக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கட்டும், தொப்பி வைத்திருக்கட்டும், மாதம் ஒருமுறை கம்பி பிரஷ் விட்டுக் கரி தட்டு. கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று சின்ன டப்பா விற்கிறான், பேட்டரியில் ஓடும், அதைத் தூங்குகிற உயரத்தில் மாட்டு, அடுப்பு வாங்குவதற்கு முன்னால் அதை வாங்கு. விருந்தாளி தூங்கப் போகும்போது நெருப்பை நீயே நின்று அணை. வேலைக்காரப் பையனிடம் சொல்லிவிட்டுப் போகாதே, அவனும் பகலெல்லாம் உழைத்துக் களைத்துத்தான் இருப்பான். அறைகளுக்கு எண்ணெய் நிரப்பிய கரண்ட் ஹீட்டர் போதும், பில் வரும், வரட்டும்.

இவ்வளவையும் அவனுக்கு அனுப்பிவிட்டேன். முக்கால் மணி கழித்து நீல டிக் விழுந்தது. "அப்ப கம்பளியே வாங்கிடறேன் மாமா. இதை ரெண்டு வரியில சொல்லியிருக்கலாம்ல" என்று பதில் வந்தது.